கழற்ற முடியாத ஓடு

கார்ட்டூன் படங்களில் ஆமை தன் ஓட்டைச் சட்டை மாதிரி கழற்றி ஓரமாக வைக்கும். வெற்றுடம்போடு நாலடி நடக்கும், குளிக்கும், திரும்ப வந்து மாட்டிக்கொள்ளும். காலிச் சங்கில் குடியேறும் நண்டைப் பார்த்த பழக்கமோ என்னவோ, ஆமையும் ஓட்டுக்குள் குடியிருக்கிறது என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் ஓட்டைக் கழற்றப் பார்த்தால் அதோடு முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து வந்துவிடும். மிச்சம் இருப்பதை ஆமை என்று சொல்ல முடியாது.

உங்கள் கையை விலாவில் வைத்துப் பாருங்கள். பக்கத்துக்கு 12 எலும்புகள் முதுகிலிருந்து கிளம்பி, வளைந்து, முன்பக்கம் வருகின்றன. மூச்சை இழுத்தால் அந்தக் கூடு விரிகிறது. தோள்பட்டை எலும்பு அந்தக் கூட்டுக்கு வெளியே, முதுகில் கிடக்கிறது. பல்லி, பறவை, யானை என்று எதை எடுத்தாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். ஆமை மட்டும் மாறிப்போனது. அதன் விலா எலும்புகள் முன்பக்கம் வளையாமல் நேராகப் பக்கவாட்டில் வளர்ந்து, அகலமாகி, ஒன்றோடொன்று ஒட்டி, முதுகெலும்போடும் சேர்ந்து ஒரே கூரையாகிவிட்டன. தோள்பட்டை எலும்பு அந்தக் கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. விலாக்கூட்டுக்குள்ளே தோள்பட்டை இருக்கும் முதுகெலும்புப் பிராணி இன்று உலகில் ஆமை ஒன்றுதான். இது முட்டைக்குள் எப்படி நடக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் விளக்கினார்கள். கருவின் பக்கச் சுவர் ஒரு கட்டத்தில் உள்நோக்கி மடிகிறது, அந்த மடிப்போடு தோள்பட்டையும் விலா எலும்புக்குக் கீழே போய்விடுகிறது. துணியை மடித்துத் தைப்பது போல, அவ்வளவுதான்.

முதுகுப்பக்க மேலோடும் வயிற்றுப்பக்க அடியோடும் சேர்த்து ஐம்பது அறுபது எலும்புகள் இருக்கும். அதன் மேல் நாம் பார்க்கும் கட்டம் கட்டமான தகடுகள் கெரட்டினால் ஆனவை, நம் நகம் எதனால் ஆனதோ அதேதான். அடியில் நரம்பும் ரத்தமும் ஓடுகின்றன. ஓட்டைத் தடவினால் ஆமைக்குத் தெரியும், அடிபட்டால் வலிக்கும், உடைந்தால் ரத்தம் வரும். தகட்டில் இருக்கும் வளையங்களை எண்ணி வயது சொல்லலாம் என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பவேண்டாம். நன்றாகத் தீனி கிடைத்த காலத்தில் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று வளையம் விழும், கிழட்டு ஆமையில் எல்லாம் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கும்.

இப்படி ஒரு கோட்டை ஒரே நாளில் கட்டப்பட்டிருக்காது. பாதி ஓடு இருந்து என்ன பயன் என்று பரிணாமம் படிக்கிறவர்கள் வெகுகாலம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 2008-ல் சீனாவிலிருந்து ஒரு விடை வந்தது. ஒடொன்டோகெலிஸ் என்று பெயரிடப்பட்ட அந்தப் புதைபடிவத்துக்கு வயது 22 கோடி ஆண்டு. அதற்கு அடிப்பக்க ஓடு முழுசாக இருந்தது, மேலோடு இல்லை, விலா எலும்புகள் அகன்றிருந்தன, அவ்வளவே. வாயில் பல்லும் இருந்தது. இன்றைய ஆமை எதற்கும் பல் கிடையாது, கிளி போல அலகுதான். இன்னும் பின்னால் போனால் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த யூனோடோசாரஸ், சுமார் 26 கோடி ஆண்டு பழையது. அதற்கு ஓடு என்று எதுவும் இல்லை, ஆனால் விலா எலும்புகள் பட்டையாக விரிந்திருந்தன. அதன் முன்கால்கள் மண் தோண்டும் பிராணிகளுடையதைப் போல இருப்பதைச் சுட்டிக்காட்டி, 2016-ல் சில ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். விலா அகன்றது தற்காப்புக்காக இல்லை, வளை தோண்டும்போது உடம்பு ஆடாமல் நிற்க ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது, கவசமாக உதவியது பிறகு வந்த லாபம் என்பது அவர்கள் வாதம். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. எனக்கென்னவோ பாதி ஓட்டின் பயன் என்ன என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கண்ணில் படவில்லை.

மூச்சுக்கு என்ன வழி?

விலா எலும்பைக் கூரையாக்கிவிட்டால் ஒரு பெரிய சிக்கல். விரிந்து சுருங்கும் மார்புக்கூடு போயிற்று. பிறகு எப்படி மூச்சு விடுவது? ஆமையின் நுரையீரல் மேலோட்டுக்கு நேர் அடியில் இருக்கிறது, அதற்குக் கீழே குடலும் ஈரலும் மற்றதும். வயிற்றுப் பக்கத்தில் இரண்டு வகைத் தசைகள் மாறி மாறி வேலை செய்கின்றன. ஒன்று உள்ளுறுப்புகளை மேலே தள்ளி நுரையீரலை அமுக்கும், காற்று வெளியே போகும். இன்னொன்று அவற்றைக் கீழே இறக்கும், காற்று உள்ளே வரும். குடலை வைத்துத் துருத்தி ஊதுகிற ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்தாமை ஒன்றைத் திடீரென்று நெருங்கினால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும். சீறுகிறது என்று நினைத்துப் பின்வாங்குவோம். பெரும்பாலும் அது கோபம் இல்லை. தலையையும் நாலு காலையும் ஒரே நேரத்தில் உள்ளே இழுத்தால் உள்ளே இடம் வேண்டுமே! அந்த இடத்துக்காக நுரையீரலில் இருக்கும் காற்று வெளியேறும் சத்தம்தான் அது. புலனடக்கத்துக்கு ஆமையை உவமை சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஐந்தையும் அடக்குமுன் அது மூச்சைக் காலி செய்தாகவேண்டும் என்பதை உவமையில் யாரும் சேர்க்கவில்லை.

நீருக்கடியில் இதே சிக்கலுக்கு வேறு வேறு தீர்வுகள். ஆஸ்திரேலியாவின் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் வாழும் ஒரு ஆமை, கழிவு வெளியேறும் துவாரத்தின் வழியே தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே விடும். உள்ளே இரண்டு பைகள், அவற்றின் சுவரில் ரத்த நாளங்கள் மண்டிக் கிடக்கும், அங்கே தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குப் போகும். அதற்குத் தேவையான ஆக்சிஜனில் பெரும்பகுதி இந்த வழியிலேயே கிடைத்துவிடுவதால் மூச்சுக்காக மேலே வரவேண்டிய அவசரம் அதற்கு இல்லை. பின்பக்கத்தால் மூச்சுவிடும் ஆமை என்று செய்திகளில் வருவது இதைத்தான். கிண்டலாகச் சொன்னாலும் செய்தி சரிதான்.

இதைவிடப் பெரிய வித்தை வட அமெரிக்காவின் வண்ண ஆமையுடையது. குளிர்காலத்தில் குளம் மேலே பனிக்கட்டியாக உறைந்துவிடும். ஆமை அடியில், சேற்றோரம், மூன்று டிகிரிக் குளிரில் கிடக்கும். மேலே வர வழி இல்லை, தண்ணீரிலும் ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வரும். இப்படி ஆக்சிஜனே இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் அது உயிரோடு இருக்கும். இதயம் சில நிமிடங்களுக்கு ஒரு முறை துடிக்கும். ஆக்சிஜன் இல்லாமல் உடம்பு இயங்கினால் லாக்டிக் அமிலம் சேரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான், வேகமாக ஓடினால் தொடை எரிகிறதே, அந்த நேரத்தில் தசையில் சேர்வது. மாதக்கணக்கில் அது சேர்ந்தால் எந்தப் பிராணியும் தன் அமிலத்திலேயே செத்துவிடும். வண்ண ஆமையைக் காப்பாற்றுவது ஓடு. ஓட்டிலிருக்கும் கால்சியம் கார்பனேட் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலந்து அமிலத்தை முறிக்கிறது. லாக்டேட் என்ற அந்த அமிலத்தின் மிச்சத்தில் ஒரு பங்கை ஓடே உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. வெயில் காலம் வந்ததும் கணக்கு நேர் செய்யப்படும். பகைவர் பல்லிலிருந்து காக்கும் கவசம் என்று மட்டும் நினைத்திருந்த ஓடு, ஆமையின் வயிற்று மருந்தாகவும் இருக்கிறது.

ஒரே சொல், மூன்று வாழ்க்கை

ஆங்கிலத்தில் தரையில் இருப்பதற்கு ஒரு பெயர், தண்ணீரில் இருப்பதற்கு இன்னொரு பெயர். தமிழில் எல்லாமே ஆமைதான். அறிவியல் கணக்கிலும் இது பொருந்திப் போகிறது, ஏனென்றால் எல்லாம் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. மொத்தம் சுமார் 360 வகை. ஓடு என்ற ஒரே மூலப்பொருளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பேரம் பேசியிருக்கிறது.

பெட்டி ஆமையின் அடியோட்டில் கீல் உண்டு. உள்ளே போனதும் கதவைச் சாத்துவது போல மூடிவிடும், விரல் நுழையாது. கிழக்கு ஆப்பிரிக்காவின் பான்கேக் ஆமை நேர்மாறு. அதன் ஓடு தட்டையாக, வளையும்படி மெல்லிதாக இருக்கும். ஆபத்து வந்தால் உள்ளே ஒடுங்காது, ஓடிப்போய்ப் பாறை இடுக்கில் செருகிக்கொள்ளும். மெல்லோட்டு ஆமைகள் கெரட்டின் தகடுகளையே கைவிட்டுவிட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டன, அதனால் நீரில் வேகம். சீன மெல்லோட்டு ஆமையிடம் இன்னொரு விசித்திரமும் உண்டு. யூரியாவைச் சிறுநீரகத்தைவிட அதிகமாக வாய் வழியாகவே வெளியேற்றுகிறது என்று 2012-ல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தரையில் இருக்கும்போது தலையைத் தண்ணீரில் முக்கி முக்கி எடுப்பது தாகத்தால் அல்ல, வாய் கொப்பளிப்பது!

கடலாமைகள் மொத்தம் ஏழு வகை. அவற்றால் தலையையும் துடுப்பையும் உள்ளே இழுக்கவே முடியாது. நீந்துவதற்காக அந்த வசதியை விட்டுக்கொடுத்துவிட்டன. தமிழில் இவற்றுக்கு அழகான பெயர்கள் உண்டு: பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, பங்குனி ஆமை, ஏழுவரி ஆமை. கடைசியில் சொன்னது, முதுகில் ஏழு வரிகள் நீளவாக்கில் ஓடும் தோல்முதுகு ஆமை. உலகின் மிகப் பெரிய ஆமை அதுதான். 1988-ல் வேல்ஸ் கடற்கரையில் ஒதுங்கிய ஒன்றின் எடை 916 கிலோ. 1,200 மீட்டருக்குக் கீழேயும் முங்கும். ஊர்வன இனம் என்றால் குளிரில் முடங்கவேண்டும், ஆனால் இது கனடாவை ஒட்டிய குளிர்ந்த கடலிலும் இரை தேடுகிறது. பெரிய உடம்பு, தோலுக்கடியில் கொழுப்பு, துடுப்புக்குப் போகிற சூடான ரத்தமும் அங்கிருந்து திரும்புகிற குளிர்ந்த ரத்தமும் உரசியபடி செல்லும் நாள அமைப்பு, எல்லாமாகச் சேர்ந்து சுற்றியுள்ள நீரைவிட 18 டிகிரி வரை அதிகச் சூட்டில் உடம்பை வைத்திருக்கிறது.

அதன் உணவு ஜெல்லி மீன். வழுக்கிக்கொண்டு போகிற அந்தக் கூழை விழுங்க வேண்டுமே, அதற்காகத் தொண்டை நெடுக உள்நோக்கிச் சாய்ந்த முட்கள். தண்ணீரை வெளியே பிழிந்துவிட்டு இரையை மட்டும் நிறுத்திக்கொள்ளும் சல்லடை. உள்ளே போனது வெளியே வராது. நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பை ஜெல்லி மீன் போலத்தான் தெரியும். விழுங்கிய பிறகு தவறு என்று தெரிந்தாலும் அந்த முட்கள் துப்ப விடாது.

ஆமை வேகம் என்கிறோம். 1835-ல் காலபாகோஸ் தீவுகளில் சார்லஸ் டார்வின் ஒரு பெரிய நிலத்தாமையின் பின்னாலேயே நடந்து அளந்தார். பத்து நிமிடத்தில் 60 கெஜம், அதாவது ஏறக்குறைய 55 மீட்டர். ஒரு நாளைக்கு நாலு மைல் என்று கணக்குப் போட்டார். கேலிக்குரிய வேகம் இல்லை, இரவு பகலாக நடந்தால் தீவின் உச்சிக்குத் தண்ணீர் தேடிப் போய்வர அது போதும். சாந்தம், சைவம் என்ற பெயரும் முழுசாகச் செல்லாது. செஷல்ஸ் நாட்டின் ஃப்ரெகாட் தீவில் 2020-ல் எடுத்த ஒரு காணொளியில், ஒரு பெரிய நிலத்தாமை மரக்கட்டை மேல் நிற்கும் கடற்பறவைக் குஞ்சை அவசரமே இல்லாமல் நெருங்கி, தலையைக் கவ்விக் கொன்று, முழுசாக விழுங்குகிறது. நிலத்தாமை வேட்டையாடியதைப் பதிவு செய்தது அதுவே முதல் முறை. ஊமை என்ற பெயரும் அப்படியே. 2022-ல் 50 வகை ஆமைகளைப் பதிவு செய்து கேட்டதில் எல்லாமே ஏதோ ஒரு ஒலி எழுப்பின. அமேசானின் பெரிய ஆற்றாமைக் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்கின்றன. தாய்கள் ஆற்றில் காத்திருந்து பதில் கொடுத்துக் கூட்டிப்போவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முட்டையிட்டதோடு ஆமையின் தாய்மை முடிந்தது என்று எழுதிவைத்த பாடங்களில் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

மணலில் ஒரு மணி நேரம்

கடலாமை தரைக்கு வரும் நேரம் குறைவு. பெண் ஆமை முட்டையிட மட்டும் வரும். பெரும்பாலான ஆண்கள் குஞ்சாக இறங்கிய பிறகு மணலை மிதிப்பதே இல்லை.

பங்குனி ஆமை ஒன்று இரவில் கரையேறுவதைப் பார்ப்போம். நீரில் எடை தெரியாமல் பறந்த உடம்பு இப்போது முழுப் பாரத்தோடு நெஞ்சை அமுக்குகிறது. நாலு இழுப்பு, ஒரு நீண்ட மூச்சு, மறுபடி நாலு இழுப்பு. அலை எட்டாத இடம் வந்ததும் பின்துடுப்புகளால் குழி தோண்டும். தன் முதுகுக்குப் பின்னால் நடப்பதால் கண்ணால் பார்க்க வழி இல்லை. ஒரு துடுப்பு கிண்ணம் போல மடிந்து மணலை அள்ளி வெளியே வைக்கும், அடுத்து மற்றது. துடுப்பு எட்டும் ஆழம், ஏறக்குறைய ஒரு முழம், அவ்வளவுதான் குழி. சுமார் நூறு முட்டைகள், பிசுபிசுப்போடு, இரண்டும் மூன்றுமாக விழும். ஓடு காகிதத்தோல் போல இருப்பதால் உடையாது. மணலை மூடியபிறகு ஒரு கூத்து உண்டு. இடமும் வலமுமாக உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு அடியோட்டால் மணலைத் தட்டிக் கெட்டிக்கும். தொம் தொம் என்று கேட்கும். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருக்கும். பிரசவ வலியில் அழுகிறது என்பார்கள். கடலிலும் அது அழுதுகொண்டுதான் இருக்கிறது. உடம்பில் சேரும் உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றுகிறது.

இதையே ஆயிரக்கணக்கான ஆமைகள் ஒரே இரவில் செய்வதும் உண்டு. ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா, கோஸ்டாரிகாவின் ஒஸ்டியோனால் போன்ற சில கடற்கரைகளில்தான் அது நடக்கும். ஸ்பானிய மொழியில் ‘அரிபாடா’, வருகை என்று பொருள்.

உள்ளே கிடக்கும் முட்டை ஆணா பெண்ணா என்பது இட்ட நேரத்தில் முடிவாகியிருக்காது. மணலின் சூடு முடிவு செய்யும். அடைகாலத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில் 29 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக இருந்தால் இரண்டும் கலந்து வரும், மேலே போனால் பெண், கீழே இறங்கினால் ஆண். ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடபகுதிக் கரைகளில் பிறந்த பேராமைகளை ஆராய்ந்து 2018-ல் வெளிவந்த முடிவு, இளம் ஆமைகளில் 99 சதவீதத்துக்கு மேல் பெண்கள் என்றது. அதே கடலின் குளிர்ந்த தென்பகுதிக் கரைகளில் அந்த விகிதம் மூன்றில் இரண்டு பங்கு அளவில் இருந்தது.

ஏறக்குறைய ஐம்பது அறுபது நாளில் குஞ்சுகள் முட்டையைக் கிழிக்கும். ஒற்றைக் குஞ்சால் அந்த மணல் பாரத்தைத் தாண்டி வரமுடியாது. மேலே இருப்பவை கூரையைச் சுரண்ட, உதிரும் மணல் கீழே இருப்பவற்றின் காலடியில் மிதிபட்டுத் தரை உயர, மொத்தக் கூட்டமும் லிஃப்ட் போல மேலே ஏறும். மேல்மணல் சூடாக இருந்தால் பகல் என்று அர்த்தம், அங்கேயே அசையாமல் நிற்கும். மணல் குளிர்ந்ததும் கொதிக்கும் பால் போல ஒட்டுமொத்தமாகப் பொங்கி வெளியே வரும். எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடும். மின்விளக்கு வருமுன் அந்தப் பக்கம் எப்போதும் கடலாகத்தான் இருந்தது.

கடலில் இறங்கியபின் குஞ்சுகள் எங்கே போகின்றன என்பது வெகுகாலம் புதிராக இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் ஆர்ச்சி கார் அதைத் தொலைந்த காலம் என்றே குறிப்பிட்டார். பிறகு இருப்பிடம் காட்டும் கருவிகள், ஓட்டில் ஒட்டும் அளவுக்குச் சிறியவை, வந்தன. வளர்கிற ஓட்டில் எதுவும் ஒட்டி நிற்கவில்லை. ஒருவழியாக, செயற்கை நகம் ஒட்டும் அக்ரிலிக்கை அடிப்பூச்சாகப் போட்டதும் நின்றது. நகமும் ஓடும் ஒரே கெரட்டின் அல்லவா! அட்லாண்டிக் நடுவே மிதக்கும் சர்காசம் பாசித் திட்டுகளில் அவை வளர்வது அப்படித்தான் தெரிந்தது. வழியை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்பதற்குக் கென்னத் லோமன் குழு ஒரு தொட்டியில் விடை தேடியது. குஞ்சுக்கு மெல்லிய கச்சை கட்டி நீரில் விட்டு, சுற்றிலும் மின்கம்பிச் சுருள்களால் கடலின் வேறு வேறு இடங்களின் காந்தப்புலத்தைப் போலச் செய்து காட்டினார்கள். ஒருமுறையும் கடலைப் பார்க்காத குஞ்சு, அந்தந்த இடத்தில் எந்தத் திசையில் நீந்தினால் நீரோட்டத்துக்குள் பத்திரமாக இருக்குமோ அந்தத் திசைக்குத் திரும்பியது. பிறந்த கரையின் காந்தக் கையெழுத்தையும் அவை நினைவில் வைத்திருந்து, பல பத்தாண்டுகள் கழித்து அந்தப் பகுதிக்கே முட்டையிடத் திரும்புகின்றன என்பதற்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது.

நூறு வயதின் கணக்கு

சரி, ஏன் இத்தனை ஆண்டு? செயின்ட் ஹெலினா தீவின் ஜானதன் என்ற நிலத்தாமை 1832 வாக்கில் பிறந்தது என்று மதிப்பிடுகிறார்கள். 1882-ல் அந்தத் தீவுக்குக் கொண்டுவந்தபோதே முழு வளர்ச்சி பெற்றிருந்தது, எனவே குறைந்தது 50 வயது என்பது கணக்கு. அதே தீவில் சிறையிருந்து 1821-ல் இறந்தவர் நெப்போலியன். அவருக்கும் இந்த ஆமைக்கும் இடையே வெறும் பதினோரு ஆண்டு.

விலங்குக் காட்சிசாலைகளில் வாழும் 52 வகை ஆமைகளின் பிறப்பு இறப்புப் பதிவுகளை அலசி 2022-ல் ஓர் ஆய்வு வந்தது. அவற்றில் நாலில் மூன்று பங்கு வகைகளில் முதுமை மிக மெதுவாக வருகிறது, அல்லது கண்டுகொள்ள முடியாத அளவில் இருக்கிறது. சாகாவரம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எண்பது வயது மனிதர் அடுத்த ஆண்டில் இறக்கும் வாய்ப்பு முப்பது வயதுக்காரரைவிடப் பல மடங்கு. இந்த ஆமைகளில் அப்படி ஏறுவதில்லை, நோயோ விபத்தோ வந்து முடிக்கும். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு இதற்குக் காரணமாக ஓடு போன்ற தற்காப்புகளைக் காட்டியது. எளிதில் இரையாகிற எலிக்கு நீண்டகாலம் உழைக்கும் உடம்பைக் கட்டுவது வீண் செலவு. ஒருமுறை வளர்ந்துவிட்டால் கடித்துத் தின்ன முடியாத ஆமைக்கு அது லாபம்.

ஆக ஆமையின் வாழ்க்கைத் திட்டம் இரண்டு பாதியாகப் பிரிகிறது. முதல் பாதியில் சாவு மலிவு. பறவை, நண்டு, மீன் என்று ஆளுக்கொரு கை பார்த்தபின், ஆயிரம் கடலாமைக் குஞ்சில் ஒன்றுதான் பெரிதாகும் என்பது பொதுவான மதிப்பீடு. இரண்டாம் பாதியில் சாவு அபூர்வம். பேராமை வயதுக்கு வரவே 25 முதல் 35 ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் ஆகும். அதன்பின் பல பத்தாண்டுகள் முட்டையிட்டு, அந்த ஆயிரத்தில் ஒன்றை எப்படியோ ஈடுகட்டும்.

மனிதன் கை வைத்தது இரண்டாம் பாதியில். காலபாகோஸுக்கு வந்த திமிங்கில வேட்டைக் கப்பல்கள் ஒரு லட்சத்துக்கு மேல் நிலத்தாமைகளைத் தூக்கிப்போயின. தீனியும் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் கப்பல் அடித்தளத்தில் உயிரோடு கிடக்கும் இறைச்சி, மாலுமிக்கு வேறென்ன வேண்டும்? வண்ண ஆமையைப் பனிக்கடியில் காப்பாற்றும் அதே பொறுமைதான் இங்கே வினையாயிற்று. பின்டா தீவின் கடைசி ஆமையான ‘தனித்த ஜார்ஜ்’ 2012 ஜூன் 24 அன்று இறந்தது. யாங்சி ஆற்றுப் பெரிய மெல்லோட்டு ஆமையில் சீனாவிடம் இருந்த கடைசிப் பெண் 2019-ல் இறந்தது.

கடலாமைகளுக்கு வினை இறால் இழுவை வலை ரூபத்தில் வந்தது. ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. சும்மா தூங்கும்போது மணிக்கணக்கில் மூச்சடக்கும் அது, வலையில் மாட்டிப் போராடும்போது வெகு சீக்கிரம் மூச்சு முட்டிச் சாகும். ஆனால் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது முட்டையும் குஞ்சும்தான். பங்குனி ஆமைக்கு நெருங்கிய உறவான கெம்ப் ஆமையின் கதை இதற்கு நல்ல உதாரணம். மெக்சிகோவின் ராஞ்சோ நுவேவோ கரையில் 1947-ல் எடுத்த ஒரு படச்சுருளை வைத்து, ஒரே நாளில் 40,000 பெண் ஆமைகள் ஏறின என்று கணக்கிட்டார்கள். 1966 முதல் அந்தக் கரைக்குக் காவல் போடப்பட்டது. முட்டை திருட்டு நின்றும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போய், 1985-ல் அந்த ஆண்டு முழுதுக்கும் 702 கூடுகள்தான்.

ஏன் என்பதற்கு 1987-ல் டெபோரா க்ரவுஸும் கூட்டாளிகளும் பெருந்தலை ஆமையை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பிழைக்கின்றன என்று எழுதி, ஒவ்வோர் எண்ணாக மாற்றிப் பார்த்தார்கள். முட்டையும் குஞ்சும் ஒன்றுகூடச் சாகாமல் பிழைத்தாலும் சரிவு நிற்கவில்லை. பெரிய, இன்னும் வயதுக்கு வராத ஆமைகளின் சாவைக் கொஞ்சம் குறைத்ததும் கோடு மேல்நோக்கித் திரும்பியது. இருபது ஆண்டு பிழைத்து வந்த ஆமை ஒன்று வலையில் போனால், அதற்கு ஈடாக எத்தனை குஞ்சு விட வேண்டியிருக்கும் என்று யோசித்தால் காரணம் புரியும். கரைக் காவல் வீண் என்று யாரும் சொல்லவில்லை. முட்டை எல்லாம் போனால் மிச்சமே இருக்காது. ஆனால் குஞ்சைக் கடலில் விட்டுப் படம் எடுத்துக்கொள்வது சுலபம், வலையை மாற்றச் சொல்வது சிரமம்.

வலையும் மாறியது. இழுவை வலையின் கழுத்தில் சாய்வாக ஒரு கம்பிச் சட்டம், கம்பிக்குக் கம்பி நாலு அங்குல இடைவெளி, அதன் ஓரத்தில் வலையில் ஒரு திறப்பு, அதன் மேல் ஒரு மடல். அமெரிக்காவில் 1980-களின் இறுதியில் கட்டாயமானது, பிற நாடுகளுக்கும் பரவியது. இறால் பிடிப்பு குறையும் என்று மீனவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், சண்டை நீண்டது. கரைக் காவலும் இந்தக் கம்பிச் சட்டமும் சேர்ந்தபின் கெம்ப் ஆமையின் கூடுகள் 2009-ல் 20,000-ஐத் தாண்டின. அதற்கு அடுத்த ஆண்டு மறுபடி இறங்கின, அதன்பின் ஏற்ற இறக்கம்தான்.

கடலடியில் வலை போகிறது. இறால் கம்பிகளுக்கு நடுவே புகுந்து பைக்குள் விழுகிறது. கலங்கலில் ஒரு பெருந்தலை ஆமை உருண்டு வந்து சட்டத்தில் மோதுகிறது. தலையை உள்ளே இழுக்க அதனால் முடியாது, துடுப்பை அடித்துக்கொள்கிறது. பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் அதைச் சாய்வில் சறுக்கவைக்கிறது. மடல் திறக்கிறது. ஆமை வெளியே வந்து, மேலே வெளிச்சம் தெரிகிற பக்கம் ஏறி, தலையை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி, குடலை இறக்கி, ஒரு நீண்ட மூச்சை இழுக்கிறது.